வரிச் சலுகை பட்டறை வரை வருமா?

பட்ஜெட் நாளன்று வானொலியில் நான் வாசிக்கும் அறிவிப்புகளில், பயிற்சியாளர்களைச் சேர்த்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு வரிச் சலுகை என்பதும் ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தச் சலுகை யார் கைக்குப் போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் கல்லூரி, தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்களுக்கு இங்கே இரட்டை வரிக்கழிவு உண்டு. 1,000 வெள்ளி செலவழித்தால், வரிக் கணக்கில் 2,000 வெள்ளி கழித்துக்கொள்ளலாம்.

ஒரு மாணவருக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஆறு மாதம் கொடுத்தால் செலவு 6,000 வெள்ளி. 24 விழுக்காடு வரி கட்டும் பெரிய நிறுவனத்துக்கு இந்தச் சலுகையால் கூடுதலாக மிச்சமாவது 1,440 வெள்ளி. 15 விழுக்காடு கட்டும் சிறிய நிறுவனத்துக்கு 900 வெள்ளி. அந்த ஆண்டு நட்டம் என்றால், உடனே கைக்கு எதுவும் வராது. செலவு மூவருக்கும் ஒன்றுதான்!

இனி, நம் வட்டார கார் பட்டறைக்கு வாருங்கள். எஸ்பிஎம்மோடு நின்றுவிட்ட தம்பி அங்கே தொழில் பழகுகிறான். அவன் எந்தக் கல்லூரியிலும் பதிந்த மாணவன் அல்ல. முதலாளி அண்ணனும் தனியாள் வணிகமாகத்தான் பதிந்திருக்கிறார். இரட்டைக் கழிவு இருவரையும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐந்து ஆண்டு கழித்துத் தம்பியின் கையில் தொழில் இருக்கும், சான்றிதழ் இருக்காது. வேறு வேலைக்குப் போனால் மறுபடியும் அடிமட்டச் சம்பளம்தான்.

வழி இல்லாமல் இல்லை. 2005-இல் தொடங்கிய எஸ்எல்டிஎன் திட்டத்தில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கும். முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் கிடைக்கும். ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்கள், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி பிபிடி முறையில் அதே சான்றிதழைப் பெறலாம். இரண்டையும் கவனிப்பது மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜேபிகே.

என் கோரிக்கை எளிது. சின்னப் பட்டறைக்கு வரிக்கழிவு வேண்டாம், ரொக்கமாகவே கொடுங்கள். பிள்ளையைப் பதியும்போது பாதி, அவன் எஸ்கேஎம் வாங்கியதும் மீதி. கற்றுக்கொடுத்தவருக்கும் பலன், கற்றவனுக்கும் சான்றிதழ்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டறையில் இருந்தால், இந்த வாரமே அவன் முதலாளியோடு ஜேபிகே பற்றிப் பேசுங்கள்.