வலவன் பெயர் எங்கே?

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் விளையாட்டுகளின்போது, அவாண்டரோ என்னும் மலையூரில் குதிரையேற்ற முந்திறப் போட்டி நடைபெற்றது. நெடுவழி ஓட்ட நாளின் பிற்பகலில் வானம் பிளந்துகொண்டது போல் மழை கொட்டியது. காலையில் சிற்றோடையாகக் கிடந்த நீர் கரைபுரண்டது. தடைகள் சில வெள்ளத்துள் மறைந்தன. முற்பகலில் ஓடிய குதிரைகளுக்குக் கிடைத்த தரை வேறு. பிற்பகலில் ஓடியவற்றுக்கு வாய்த்த சேறு வேறு. இரண்டு குதிரைகள் அந்தப் போட்டியில் மாண்டன. பிரிட்டிஷ் அணி தங்கம் வென்றது. டெரிக் ஆல்ஹூசன், ஜேன் புல்லன், ரிச்சர்ட் மீட், பென் ஜோன்ஸ் என்னும் நால்வர் பெயரும் ஒலிம்பிக் ஏட்டில் ஏறின. அவர்களைச் சுமந்த நான்கு குதிரைகளின் பெயரும் உடன் ஏறின. அக்குதிரைகளைக் கொட்டும் மழையில் பற்றி நின்று, சேற்றைக் கழுவி, லாடம் பார்த்து, மூச்சு எண்ணி, ஓடுதற்கு உரியவையாக ஆக்கி அனுப்பியவர் எவர்? ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை.

இது மெக்சிகோவில் மட்டும் நேர்ந்த மறதியன்று. குதிரை ஓடிய இடமெல்லாம் இந்த மறதியும் உடன் ஓடியிருக்கிறது. சிங்கப்பூரில் ஓடியிருக்கிறது. தமிழ் வகுப்பறையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முந்திறப் போட்டி என்பது ஆங்கிலத்தில் ஈவன்டிங் எனப்படுவது. ஒரே குதிரையும் ஒரே வீரரும் மூன்று வகையான தேர்வுகளுக்கு உள்ளாதல் வேண்டும். முதலாவது, அடக்கமும் ஒழுங்கும் காட்டும் நடைத் தேர்வு. இரண்டாவது, மேடு பள்ளம், வேலி, அகழி, நீர்நிலை எல்லாம் கடந்து பாயும் நெடுவழி ஓட்டம். மூன்றாவது, அரங்கத்தில் தடை தாண்டல். நெடுவழியில் களைத்த குதிரை மீண்டும் கால் ஊன்றி அரங்கில் தாண்டுகிறதா என்பதே இப்போட்டியின் உயிர்நிலை. இறுதித் தாண்டலுக்கு முன்னர் நடுவரும் கால்நடை மருத்துவரும் பார்த்திருக்க, குதிரையை நேர்வழியில் ஓட்டிக் காட்டுதல் வேண்டும். கால் நொண்டினால் அங்கேயே விலக்கப்படும். ஓட்டத்திற்கும் இந்தச் சோதனைக்கும் இடைப்பட்ட இரவு வீரருடையதன்று, குதிரை பேணுவோருடையது.

மழை பெய்தால் அந்த உண்மை பன்மடங்கு தெளிவாகும். பேணுவோர் தரையை மிதித்துப் பார்த்தே லாடத்தில் திருகும் முளைகளைத் தேர்கின்றனர். இறுகிய தரைக்குச் சிறிய கூர்முளை. சேற்றுக்குப் பெரிய முளை. தேர்வு பிழைத்தால் தாண்டுமிடத்தில் கால் வழுக்கும். கால்களின் முன்புறம் கொழுப்பு பூசுவோரும் அவரே; குதிரை தடையில் உரசினும் சறுக்கிக்கொண்டு அப்பால் செல்வதற்கு அது வழி. ஓட்டம் முடிந்ததும் சேணத்தைக் கழற்றி, நீர் வார்த்து, வார்த்த நீரை வழித்தெடுத்து, மறுபடியும் வார்க்கின்றனர். சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது நெடுநாள் நம்பிக்கை. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கிற்கு முன்னர் நடந்த ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அஞ்சி நெடுவழியின் நீளத்தைக் குறைத்தனர். பனிக்கட்டியும் நீர்த்திவலை தெளிக்கும் விசிறிகளும் அணிவகுத்து நின்றன. ஆய்வு செய்தவர் அறிஞர். வாளி தூக்கியவர் பேணுவோர்.

ஆயினும் மழையில் வென்ற வீரரைப் பற்றி எழுதுவோர் அவருடைய துணிவை எழுதுகின்றனர். சேறு படிந்த முகத்தை எழுதுகின்றனர். துணிவு இருந்தது உண்மையே. ஆனால் துணிவு மட்டும் போதுமாயின், இங்கிலாந்தின் புகழ்பெற்ற பேட்மின்டன் போட்டியை 1975இலும் 2012இலும் மழையின் பொருட்டு நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. அங்கே துணிந்தோர்க்குப் பஞ்சமா? தரை தாங்காது, குதிரையின் கால் தாங்காது என்பதை ஒப்புக்கொண்டமையாலன்றோ நிறுத்தினர்? குதிரையின் காலை முன்வைத்துப் பேசத் தொடங்கினால், அக்காலைக் கையில் ஏந்திப் பார்ப்பவனைப் பற்றியும் பேசித்தானே ஆகவேண்டும்?

“இது செல்வர் விளையாட்டு; தமிழ் மாணவனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்பார் உளர். செல்வர் விளையாட்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒலிம்பிக் குதிரையேற்றம் நெடுங்காலம் படை அதிகாரிகளுக்கே உரியதாய் இருந்தது. 1948ஆம் ஆண்டு இலண்டனில் நடைத் தேர்வில் தங்கம் வென்ற சுவீடன் அணியின் பதக்கம் மறு ஆண்டில் பறிக்கப்பட்டது. காரணம் யாது? அணியில் இருந்த பெர்சன் என்பவர் சார்ஜண்ட்; போட்டிக்கென்று அவருக்கு அதிகாரிப் பட்டம் சூட்டி, முடிந்ததும் பழைய நிலைக்கே இறக்கிவிட்டனர் என்பது வெளிப்பட்டது. குதிரை பிழை செய்யவில்லை. ஏறியவரும் பிழை செய்யவில்லை. தோளில் இருந்த பட்டையே பிழை! 1952 முதல் அந்த வேலி நீங்கிற்று. பெர்சன் மீண்டும் வந்து வென்றார். அவாண்டரோவில் மழையினூடே குதிரை செலுத்திய பென் ஜோன்ஸ் ஒரு சார்ஜண்ட். ஜேன் புல்லன் மருத்துவமனைச் செவிலியர். 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்கு இப்போட்டியின் தனிநபர் தங்கத்தை ஈட்டித் தந்த இரகுபீர் சிங், குதிரைப்படையில் தபேதார். (தமிழ்நாட்டில் அச்சொல் ஆட்சியருக்கு முன்னே செல்லும் பணியாளரைக் குறிக்கும் அளவிற்குச் சுருங்கிப் போனது வேறு கதை.) ஆகவே ஏறும் உரிமைக்கு இருந்த வேலி ஒருவாறு தாழ்ந்தது. பெயர் பெறும் உரிமைக்கு உள்ள வேலியோ தாழவில்லை. செல்வர் விளையாட்டில் உழைத்த ஏழையைத் தேடுவது தமிழ் மாணவனுக்குத் தொடர்பற்றது என்று சொல்வது எந்த அறத்தின்பாற்படும்?

மேலும், தமிழ் மாணவன் மழையையும் குதிரையையும் ஒருங்கே காணாதவன் அல்லன். முல்லைத் திணை முழுதும் அதுவேயன்றோ? கார்காலம் தொடங்கிற்று, வினை முடித்த தலைவன் திரும்புகிறான், மழை நனைத்த செம்மண்ணில் தேர் விரைகிறது. தேரில் பூட்டிய குதிரையின் பிடரியையும் கால் விசையையும் புலவர் பாடுகின்றனர். பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சாதிருக்க மணியின் நாவைக் கட்டிவந்த தலைவனின் அருளுள்ளத்தை ஆசிரியர்கள் மகிழ்ந்து விளக்குகின்றனர், விளக்க வேண்டியதே. ஆனால் வழுக்கும் வழியில் கடிவாளம் பற்றியிருந்த வலவன், பாட்டின் அடிக்குறிப்பில் தலைமகன் சொல்வதைக் கேட்பவனாக மட்டும் நிற்கிறான். தேர்வுத்தாளில் திணை கேட்கப்படுகிறது, துறை கேட்கப்படுகிறது, இறைச்சி கேட்கப்படுகிறது. சேற்றில் தேரைச் செலுத்தியவன் செய்த வேலை யாது என்று ஒரு வினா வந்ததுண்டோ?

பழம்புலவரை மட்டும் குறைகூறித் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. அகநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவரின் பாட்டு ஒன்று, 384ஆம் பாட்டு. வீடு வந்து சேர்ந்த தலைவன் வியப்பு மேலிட, காற்றைக் குதிரையாகப் பூட்டினாயோ, உன் மனத்தையே பூட்டினாயோ என்று வலவனை வினவுகிறான். அவனை மார்புறத் தழுவுகிறான். தன் இல்லத்திற்குள்ளே அழைத்துச் செல்கிறான். காத்திருந்த தலைவிக்கு விருந்து வாய்க்கிறது. வென்றவன் தன்னைப் பேணியவனை வாயிலில் நிறுத்தாமல் உள்ளே கொண்டு போன காட்சி இது. இப்பாட்டை நடத்தும் ஆசிரியர் தலைவனின் விரைவில் நின்றுவிடுவாராயின், மாசாத்தியார் காட்டியதைக் காணாமல் போனவர் ஆவார். அந்த வலவனுக்கும் பெயரில்லை என்பதைச் சுட்டுவதும் அவர் கடனே. மலையமான் திருமுடிக் காரியின் குதிரைக்குக் காரி என்றும், வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் இருந்ததைத் தமிழ் மறக்கவில்லை. அக்குதிரைகளுக்குப் புல்லும் நீரும் காட்டியவர்களை மறந்துவிட்டது.

தேரோட்டி வேறு, லாயத்து ஊழியன் வேறு என்று பிரித்துக் காட்டி வழக்கை முடித்துவிடப் பார்ப்போரும் உளர். பாரதக் கதை அவர்களுக்கு விடை கூறும். பதினான்காம் நாட் போரில், சயத்ரதனைத் தேடிச் செல்லும் வழியில், அருச்சுனனின் குதிரைகள் களைத்துப் போயின. கண்ணன் நடுக்களத்தில் அவற்றை அவிழ்த்து, தைத்த அம்புகளைப் பிடுங்கி, உடலைத் தேய்த்து, நீர் காட்டி, இளைப்பாற்றி மறுபடியும் பூட்டினான். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி என்று வணங்கப்படுபவன் அவனே. கடவுள் செய்தால் திருத்தொண்டு. கூலிக்குச் செய்தால் பெயர் சொல்லத் தகாத வேலையோ?

பேணுவோர் இல்லாவிடின் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டிய நாடே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலேறி வந்தன. பொன் கப்பலேறிப் போயிற்று. அவற்றைப் பேண அறிந்தவர் இல்லாமையால் குதிரைகள் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதி வைத்தார். குதிரை மருத்துவம் அறிந்தவர் அங்கே சென்றுவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் குறிக்கிறார். ஓர் அரசின் கருவூலத்தையே கரைக்க வல்லது, ஒரு லாயத்து ஊழியன் இல்லாத குறை.

சிங்கப்பூரின் வெப்பமும் மழையும் குதிரைக்குப் பாண்டிய நாட்டினும் இரக்கமுடையவை அல்ல. இங்கே ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள்கள் மழை நாள்கள். மழையளவு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். ஈர வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வையே அற்றுப்போகும். வியர்க்காத குதிரை உள்ளே வெந்து சாகும். ஓயாத ஈரத்தில் குளம்பின் அடி அழுகும். இவற்றை முதலில் காண்பது நாள்தோறும் மேனியைத் தடவிப் பார்க்கும் கை. அத்தகைய கைகளை நம்பித்தான் 1842இல் இங்கே பந்தயக் கழகம் தோன்றியது. மறு ஆண்டில் பேரர் பார்க் வெளியில் முதற் பந்தயம் ஓடியது. இன்று குட்டி இந்தியாவில் ரேஸ்கோர்ஸ் சாலைக்கு வாழையிலைச் சோறும் மீன்தலைக் கறியும் உண்ணச் செல்வோர், அப்பெயர் எந்தக் குதிரைகளால் வந்தது என்பதை எண்ணுவதில்லை. பஃபலோ சாலை எருமைகளை நினைவூட்டுகிறது. ரேஸ்கோர்ஸ் சாலை பந்தயத்தை நினைவூட்டுகிறது. ரோச்சோர் ஆற்றங்கரையில் கம்போங் போயான் இருந்தது. பவியன் தீவிலிருந்து வந்து குதிரை பேணியும் வண்டி செலுத்தியும் பிழைத்தோரின் குடியிருப்பு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாடகைக் குதிரைவண்டித் தொழிலில் அவர்களோடு தென்னிந்தியரும் இருந்தனர். மலாய் மொழியில் சைஸ் என்ற ஒரே சொல் இவர்கள் அனைவருக்கும் போதுமானதாயிற்று. தமிழில் வலவன், வாதுவன், பாகன் என்று இத்தனை சொல் இருந்தும், அவர்களைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை?

1933இல் பந்தயத்திடல் புக்கித் தீமாவுக்குச் சென்றது. 1999இல் கிராஞ்சிக்குச் சென்றது. 2023 ஜூன் மாதம் அதை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் ஓடியது. 181 ஆண்டுக் காலப் பந்தயம் முடிவுற்றதென்று செய்தித்தாள்கள் எழுதின. பழைய வெற்றிக் குதிரைகளின் பெயர்கள் மீண்டும் அச்சேறின. பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் தாய் தந்தை பெயரோடு பதிவேடு உண்டு. குதிரைக்கு மூன்று தலைமுறை தெரியும். அதன் குளம்பைக் கழுவியவருக்கு ஒரு தலைமுறையும் தெரியாது.

நகரம் வளரும்; நிலம் வீடுகளுக்கு வேண்டும்; அதை எதிர்த்து வாதிடுவது இங்குக் கருத்தன்று. கிராஞ்சி நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்பும் என்பதே அறிவிப்பு. லாயங்களில் பணியாற்றியவர்கள் இன்னும் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் ஈப்போவிலும் இருக்கின்றனர்; வயது ஏறிக்கொண்டிருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979 முதலே நடைபெற்று வருகிறது. குரலைப் பதிந்து வைக்க வழியில்லை என்று எவரும் சொல்ல இயலாது. உயர்நிலைத் தமிழ் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒப்படை அளிக்கும் பள்ளிகள், முல்லைப் பாட்டுக்குப் படம் வரையச் சொல்வதை ஓராண்டு நிறுத்தி வைத்து, இம்முதியவர்களிடம் மாணவர்களை அனுப்பலாம். இடி முழங்கும் விடியலில் குதிரையை எந்த ஒலி கொடுத்து அமைதிப்படுத்தினர், குளம்பழுகலுக்கு என்ன பெயர் வைத்திருந்தனர், நனைந்த சேணத்தை எங்கே உலர்த்தினர், குதிரை வென்ற நாளில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதலாம். எழுதும் தாளின் முதல் வரியில் அவர்தம் முழுப்பெயரையும் தந்தை பெயரையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.