மராமத்தே காவல்

ஏரியை வெட்டியதோடு ஊரின் கடமை முடிந்துவிடுவதில்லை. மழைக்கு முன்பே கரையைச் சுற்றிப் பார்த்து, எலி வளைகளை அடைத்து, மதகைச் செப்பனிடும் கைகளே ஊரைக் காக்கின்றன. கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் இது பொருந்தும். லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளங்களின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பலரும் பார்க்கும் நிரலில் பிழை தங்காது என்னும் நம்பிக்கை இதனால் எழுந்தது. அந்நம்பிக்கை பாதி உண்மையே. பிழையைக் கண்டறிவது ஒரு பணி. அதன் திருத்தத்தைப் பயனர் கணினிவரை கொண்டு சேர்ப்பது மற்றொரு பணி.

இவ்விரண்டாம் பணியில் இருவேறு நெறிகள் உள்ளன. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெபியன், ஏறத்தாழ ஈராண்டுகளுக்கு ஒருமுறை ‘நிலைத்த பதிப்பு’ ஒன்றை வெளியிடுகிறது. வெளியீட்டுக்குப் பின்னர் புதிய வசதிகள் அதில் சேர்க்கப்படுவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களே பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளத்திற்கும் டெபியனே அடித்தளம். ஆர்ச் லினக்ஸோ ‘தொடர் வெளியீடு’ என்னும் நெறியைப் பின்பற்றுகிறது. அதில் மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இடையறாது வந்துகொண்டே இருக்கும்.

புதியதே பாதுகாப்பானது என்போர் 2014ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். இணையத் தகவல்களை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை அவ்வாண்டு ஏப்ரலில் வெளிப்பட்டது. சேவையகங்களின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்கள்கூடக் கசியக்கூடிய கொடிய பிழை அது. 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பில் இடம்பெற்று, ஈராண்டுகள் எல்லார் கண்முன்னும் கிடந்தது. அதற்கு முந்தைய 0.9.8 வரிசையில் அப்பிழை இல்லை.

2024 மார்ச்சில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ திட்டமிட்டுக் கள்ளவழி ஒன்றை அமைத்திருந்தனர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடிச் சென்று அதனை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைப் பதிப்புகளை எட்டியிருந்த அந்நஞ்சு, நிலைத்த பதிப்பினுள் நுழையவில்லை.

அவ்வாறாயின் பழையதைத் தொடாமல் வைத்திருப்பதே நன்று எனலாமா? கூடாது. திறந்த மூல உலகில் பிழை மட்டுமன்று, திருத்தமும் எல்லார் கண்ணிலும் படும். எந்த வரி மாற்றப்பட்டது என்பதைப் படிக்கும் திருடன், ஓட்டை இருந்த இடத்தையும் அறிந்துகொள்வான். ஆகவே, திருத்தம் வெளியான நாள்முதல் அதனை ஏற்காத கணினிக்கு ஆபத்து முன்னிலும் மிகுதி. பூட்டு பழுதென்று ஊரறிந்த பின்னும் அதே பூட்டைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது அது.

புதுப்பித்தால் இயங்கிக்கொண்டிருப்பது கெட்டுவிடுமோ என்னும் அச்சமும் புறந்தள்ளத்தக்கதன்று. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் ஒருநாள் தடையும் பெருந்துன்பமே. அதனாலன்றோ நிலைத்த பதிப்பைப் பேணுவோர், புதிய பதிப்பை அப்படியே புகுத்தாமல், அதிலுள்ள திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்போடு பொருத்துகின்றனர். ஹார்ட்பிளீட் பிழையையும் டெபியன் இம்முறையிலேயே நீக்கியது. கண்ணுக்குத் தெரியாத இவ்வுழைப்பில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது.

கற்றுப் பார்க்க விழைவோர்க்குத் தொடர் வெளியீடு ஏற்றதாகலாம். பலர் நம்பியிருக்கும் கணினிகளுக்கு, நிலைத்த பதிப்பும் காலந்தாழ்த்தாத பாதுகாப்புத் திருத்தமும் இணைந்த நெறியே தக்கது. அந்நெறிக்கும் எல்லை உண்டு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டுகள் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. அதன்பின் அடுத்த பதிப்புக்கு மாறுவது பயனரின் பொறுப்பு. இயங்குதளத்தின் கருவைத் திருத்தியபின் கணினியை மீளத் தொடங்காவிடில், பெரும்பாலும் பழைய கருவே இயங்கிக்கொண்டிருக்கும்.

திறந்திருப்பது மென்பொருளின் இயல்பு. காப்பாற்றுவது மனிதரின் செயல். எங்கோ ஒருவர் இரவு விழித்துச் செய்த திருத்தம், ‘பிறகு பார்க்கலாம்’ என்னும் ஒரு சொல்லால் வீணாகிவிடக் கூடாது. கரை உடைந்தபின் மண் சுமப்பதைவிட, மழைக்கு முன் ஒரு வளையை அடைப்பது எளிது.