வாரியம் என்னும் சொல்

திருச்சிராப்பள்ளித் தென்னூரில் மின்வாரிய அலுவலகத்திற்கு வழி கேட்கும் தமிழன், “ஈ.பி. ஆபீசு எங்கே?” என்றே கேட்கின்றான். ‘மின்வாரியம்’ என்னும் ஆறெழுத்துச் சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அயல்மொழியின் இரண்டு எழுத்துகளே அவன் நாவில் ஏறிக் குந்தியுள்ளன. இழப்பு சிறிதன்று.

‘மின்’ என்பது ஒளிர்தலைக் குறிக்கும் பழந்தமிழ் வேர். மின்னலையும் மின்மினியையும் ஈன்ற அவ்வேரே மின்னோட்டம், மின்னழுத்தம், மின்மாற்றி எனப் புத்தறிவியலுக்கும் சொல் வழங்கிற்று. ‘வாரியம்’ என்பதோ முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் நிற்கும் சொல். ஏரியைக் காக்க ஏரி வாரியம். தோட்டத்தைக் காக்கத் தோட்ட வாரியம். உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் இடமில்லை. அது பார்ப்பனர் ஊர். நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அக்குறையைக் களைந்து நோக்கின், பொதுப்பொருளைக் காத்துக் கணக்குக் காட்டும் குழுவே வாரியம் என்னும் பொருள் எஞ்சி நிற்கும்.

தமிழ்நாட்டு மின்வரலாறு அப்பொருளை நோக்கியே நடந்தது. முற்காலத்தில் மின்வழங்கல் பெரிதும் தனியார் வணிகமாயிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்திற்கும் தனியார் நிறுவனமொன்றே மின் வழங்கியது. 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் அரசு நீர்மின் நிலையங்களை இயக்கியது. சென்னை மாநகரின் தனியார் மின்நிறுவனத்தை 1947-இல் அரசே ஏற்றது. 1957 சூலை முதல் நாள் மின்வாரியம் பிறந்தது. 1969-இல் மாநிலம் தமிழ்நாடு எனத் தன் பெயரை மீட்டபோது, வாரியமும் அப்பெயரைச் சூடியது.

ஊதியமில்லாச் சிற்றூருக்கு வணிகன் கம்பம் நட மாட்டான், வாரியம் நட்டது. காவிரிக் கரை உழவனின் கிணற்றுக்கும் கம்பி இழுத்தது. ஆலையும் கடையும் கூடுதலாய்க் கட்டணம் செலுத்த, 1990 முதல் உழவர் அனைவர்க்கும் கட்டணமின்றி மின் கிடைத்தது. வாரியம் கடனில் அழுந்தியதும் உண்மையே. ஆயின், கடனுக்கு மருந்து கணக்கேயன்றிக் கூறுபோடுதல் அன்று.

கூறுபோடுதலோ நடந்தேறியது. மின்னாற்றல் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளது. நடுவணரசின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, 2010-இல் வாரியம் நிறுமங்களாய்ப் பிரிந்தது. ‘தான்செட்கோ’ என்னும் பொருளற்ற ஒலி மக்கள் தலையில் ஏறியது. 2024-இல் மின்னாக்கம், பசுமை ஆற்றல், பகிர்மானம் என மீண்டும் பிரிந்து, அந்த ஒலியும் ஒழிந்து வேறு ஆங்கில எழுத்துகள் வந்தன. இத்தனை பெயரையும் எந்த உழத்தி நினைவிற் கொள்வாள்? எவரிடம் முறையிடுவாள்?

நெய்வேலியின் கதை இன்னும் கூரியது. தமிழர் நிலம் தந்து எழுந்த பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் நெய்வேலியின் பெயராலேயே தொடங்கியது. 2016-இல் அது ‘என்.எல்.சி. இந்தியா’ ஆயிற்று. மண் இருக்கின்றது, சுரங்கம் இருக்கின்றது, நெய்வேலி மட்டும் ஓரெழுத்தாய்ச் சுருங்கிவிட்டது.

பெயர் மறைந்தபின் பொருளை எடுப்பது எளிது. எவருடையது என்று அறியாத பொருளுக்காக எவரும் போராடார். ஆதலின், மின்கட்டணச் சீட்டிலும் பெயர்ப்பலகையிலும் முழுப்பெயர் தமிழில் முதலாய் நிற்றல் வேண்டும். வரவும் செலவும் கடனும் எளியோர்க்கும் விளங்கும் தமிழில் ஆண்டுதோறும் ஊரறிய வைக்கப்படல் வேண்டும். பகிர்மானம் தனியார் கைக்குப் போகாமை வேண்டும்.

இவற்றுள் முதலது தமிழன் நாவிலேயே தொடங்கலாம். தென்னூரில் வழி கேட்பவன் நாளை, “மின்வாரியம் எங்கே?” என்று கேட்கட்டும். பெயரறிந்து கேட்பவனே கணக்கும் கேட்பான். கணக்குக் கேட்பவனே உரிமையும் காப்பான்.