'ஆனால்' எங்கே நிற்கணும்?

"தமிழில் புரோகிராமா? இங்கிலீஷ் சொல்லை எடுத்துட்டுத் தமிழ்ச் சொல்லைப் போடுற வேலைதானே!" கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. சொல்லை மாற்றுவது அரை நாள் வேலை. சண்டையெல்லாம் அந்தச் சொல் நிற்கும் இடத்தைப் பற்றியது.

'இஃப்' என்பதை 'ஆனால்' ஆக்கி, அதே மாதிரி வரியின் தலையில் வைத்துப் பாருங்கள். படிக்கிற பிள்ளைக்கு அது 'பட்' என்றுதான் கேட்கும். நம்ம பேச்சில் நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே: வயசு பதினெட்டு ஆனால் வோட்டுப் போடலாம். முத்து அண்ணாமலையின் 'எழில்' மொழி இதைச் சரியாகப் பிடித்தது:

@(வயது >= 18) ஆனால்

முன்னால் நிற்கும் @ அசிங்கமாம். இருக்கட்டுமே. வரியை இடமிருந்து படித்துவரும் பகுப்பானுக்கு, 'ஆனால்' கண்ணில் படும்வரை இது நிபந்தனையா, வெறும் கணக்கா என்று தெரியாது. @ முன்கூட்டியே கைகாட்டிவிடுகிறது. கடைசியில் வரும் 'முடி'யும் அப்படித்தான். ஒரு 'ஆனால்' உள்ளே இன்னொரு 'ஆனால்' வந்தாலும் 'இல்லை' யாருடையது என்ற குழப்பம் கிடையாது. சி மொழியில் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 'எல்ஸ்' கிட்ட இருக்கிற 'இஃப்'போடு ஒட்டிக்கொள்ளும். எழுதியவர் வேறு நினைத்திருந்தாலும் சரி. அதே சி-யில் & குறியை == க்குக் கீழே வைத்திருப்பதை மாற்றியிருக்கலாம் என்று டெனிஸ் ரிச்சியே பின்னாளில் எழுதினார். அதற்காக இங்கிலீஷ் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னார்களா?

தமிழைத்தான் சொல்கிறார்கள், அதுவும் வினை கடைசியில் வருகிறதே என்று. கடுகண்ணாவை ரயில் மியூசியத்துப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு ஷண்டிங் புதிதில்லை. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961 இல் எழுதிய கணக்குப் பிரிக்கும் முறைக்கே 'ஷண்டிங் யார்ட்' என்றுதான் பெயர். 3 + 4 × 2 வருகிறது. எண்கள் நேர்ப் பாதையில் போய்விடும். + பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கும். × க்கு முன்னுரிமை கூட. பிறகு வந்தாலும் அதுதான் முதலில் வெளியேறும். கடைசியில் கையில் இருப்பது 3 4 2 × +.

வாய்விட்டுப் படியுங்கள்: மூன்றோடு, நாலை ரெண்டால் பெருக்கிக் கூட்டு. மெஷின் தன் வசதிக்காக மாற்றிக்கொள்ளும் வரிசை நம்ம வீட்டு வாக்கிய வரிசை!

ஏ.எல். பாடத்தில் பைதன் இருக்கட்டும், நாங்கள் எதிரியில்லை. அதற்கு முன்னால் ரெண்டே வாரம், தமிழ்மொழி மூலப் பிள்ளைகளின் கையில் எழிலைக் கொடுங்கள்.