ஆகஸ்ட் 15-இல் ஷட்டரைப் பாதி இறக்காதீர்கள்

அன்புள்ள திருப்பூர் ஊராருக்கு, முக்கியமாகப் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு,

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு ஆலையில் நிட்டிங் மாஸ்டர் வேலை. அதற்கு முன் பதினாறு வருஷம் ராயபுரத்திலும் பி.என். ரோட்டிலும் மெஷின் சத்தத்தில் கிடந்தவன்.

இந்த நாட்டுச் சுதந்திர தினம் மார்ச் 12. 1968-இல் போர்ட் லூயிஸ் குதிரைப் பந்தய மைதானத்தில் பிரிட்டன் கொடி இறங்கி, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டைக் கொடி ஏறியது. ஏன் இந்தத் தேதி என்று கூட வேலை செய்யும் பெரியவரிடம் கேட்டேன். "உங்க காந்திக்காகத்தான்" என்றார். 1930 மார்ச் 12 அன்றுதான் அவர் தண்டிக்கு உப்பெடுக்கக் கிளம்பினார். நம்ம ஊர் நாள்காட்டியில் சிவப்பு மை படாத தேதி!

திருப்பூருக்கும் அப்படியொரு தேதி உண்டு. நாம் குமரன் என்று அழைக்கும் சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பிள்ளை குமாரசாமி நம்மூருக்கு வந்து, மில்லில் பஞ்சு எடை போட்டுக் கணக்கு எழுதியவர். 1932 ஜனவரி 4-இல் காந்தியைக் கைது செய்தார்கள். ஆறு நாள் கழித்து, 10-ஆம் தேதி, தடையை மீறி நம்ம தெருவில் ஊர்வலம் போனது. தடியடியில் மண்டை உடைந்து விழுந்தும் குமரன் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போனது. வயது 27. ரோட்டுக்கும் சிலைக்கும் அவர் பேரை வைத்தோம். எடை போட்ட கூலிக்காரர் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

அவர் பிடித்த கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. அசோகச் சக்கரம் 1947 ஜூலை 22-இல்தான் அந்த இடத்துக்கு வந்தது. அப்போது திருப்பூர் என்றால் கதர். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இயங்கியதே இங்கேதான். பனியன் ஊரை வளைத்தது பிறகு.

ஆகஸ்ட் 15 என்றால் எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய், கோயிலில் பொது விருந்து. அந்த நாளை 1947-இல் ஈரோட்டுப் பெரியார் துக்க நாள் என்றதும், அண்ணா அதை ஒப்பாததும் மிட்டாய் தின்ற வயதில் யாருக்குத் தெரியும்?

பெரியவனானதும் நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். காலை எட்டரைக்குக் கொடியேற்றி, முதலாளி கையாலேயே மிட்டாய் கொடுத்தார். எட்டே முக்காலுக்கு ஷட்டர் பாதி இறங்கியது. ஷிப்மெண்ட் பாக்கியாம். குனிந்து உள்ளே போனோம். ஓவர்லாக் ராத்திரி வரை ஓடியது. சனிக்கிழமை சம்பளக் கவரில் ஒரு நாள் கூலிதான். ஏனென்று கேட்ட செக்கிங் அக்காவைத் திங்கட்கிழமை வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்கக்கூட இல்லை. பயம்.

அந்த அக்கா கேட்டது பிச்சையல்ல. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று தமிழ்நாட்டில் 1958-இலேயே சட்டம் உண்டு. ஆகஸ்ட் 15-இல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. இல்லையென்றால் அன்றைய கூலியும் சம்பளத்தோடு மாற்று விடுமுறையும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

கடல் தாண்டியவன் புத்தி சொல்ல வந்துட்டான் என்பீர்கள். சொல்லுங்கள். ஷிப்மெண்ட் தவறினால் ஏர்-ல அனுப்பி நட்டப்படும் வேதனை எனக்கும் தெரியும். அவசரமென்றால் வேலை வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.

இந்த 15-ஆம் தேதி கொடியேற்றிய கையோடு ஷட்டரை முழுசாக இறக்கிப் பூட்டுங்கள். முடியாதா, முழுசாகத் திறந்து வையுங்கள். யாரும் குனியாமல் உள்ளே வரட்டும். சனிக்கிழமை கவரில் அந்த ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலி இருக்கட்டும்.

உங்கள் ஊர்க்காரன்