மாணிக்கம் விட்டுச்சென்ற பாதி வேலை

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ராஜா பி. மாணிக்கம் (1897–1969), அந்தப் பதவியில் இருந்த காலத்தைவிடப் பல சபைகளின் கூட்டுப்பணியில் கழித்த காலமே அதிகம். 1956இல் தரங்கம்பாடிப் பேராயர் ஆவதற்கு முன்பு அவர் தேசிய கிறிஸ்தவ மன்றத்தின் செயலர். 1951 முதல், உலகத் திருச்சபைகள் மன்றத்துக்கும் அகில உலக மிஷனரி மன்றத்துக்கும் பொதுவான கிழக்காசியச் செயலர். 1959இல் கோலாலம்பூரில் கூடிய கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அந்தப் பணியின் பெரிய மேடை ஒன்று இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு அப்போதுதான் இடம்பெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் அகில உலக மிஷனரி மன்றம் கூடியது. முதலில் சீனாவில் நடப்பதாக இருந்தது; ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே வந்தது. 69 நாடுகளிலிருந்து 471 பேராளர்கள். பிற சமயங்களைக் கிறிஸ்தவம் எப்படிப் பார்க்கவேண்டும் என்பதில் ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் வாதத்தை நேருக்கு நேர் மறுத்தவர் அந்தக் கல்லூரியைச் சேர்ந்த ஏ.ஜி. ஹாக். மாநாடு அதனால் உடைந்துவிடவில்லை. கருத்து முழுக்க ஒத்துப்போன பிறகே கைகோக்கலாம் என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஜெர்மன் மிஷனரிகள் சிறைவைக்கப்பட்டு, அவர்கள் நடத்திய பணிகள் கேட்பாரற்று நின்றபோது, உதவிக்கு வந்தவை பிற நாட்டுச் சபைகளும் தேசிய மன்றமும்தான்.

ஆனால் உலக மேடையில் கைகூடியது சொந்த ஊரில் கைகூடவில்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஆயர்களின் அறிக்கையே பல சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு விதை. லுத்தரன்களின் ஊரில் பேசப்பட்ட ஐக்கியம் 1947 செப்டம்பர் 27இல் நிறைவேறியபோது, லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். திருவிருந்தைப் பற்றிய உபதேசமும் பேராயர் பதவியும் அப்போது தடையாகத் தோன்றின. இரு தரப்பு இறையியலாளர்களும் 1948 முதல் பத்தாண்டுக்கு மேல் உட்கார்ந்து பேசி, திருவிருந்து, ஊழியம் உட்பட முக்கியமான உபதேசங்களில் உடன்பாட்டு அறிக்கைகளை எழுதினார்கள். பேராயர் பதவியும் லுத்தரன்களுக்குப் புதிதல்ல. 1921 முதலே சுவீடன் மரபில் அவர்களுக்குப் பேராயர்கள் உண்டு. 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை இரு தரப்பும் சேர்ந்தே தொடங்கின. மாணிக்கம் காலமானதும் அதே ஆண்டில்தான். சபைகளின் இணைப்பு மட்டும் காகிதத்தோடு நின்றது. 1978இல் தென்னிந்திய, வட இந்திய, மார்தோமா சபைகள் கூட்டு மன்றம் அமைத்தபோதும் லுத்தரன்கள் அதில் இல்லை.

உபதேசத் தடை பெருமளவு நீங்கியபின் மிஞ்சுவது சொத்தும் பதவியும் தேர்தலும்தான். இதை இரு சபைத் தலைவர்களும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். இறையியலின் பின்னால் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. இணைந்தால் சண்டை பெரிதாகும், வழக்குகள் இரட்டிக்கும் என்ற அச்சம் வீணானதல்ல. நிர்வாகத்தைத் தொடாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன என்பதே அதற்குப் பதில்.

அதற்குத் தகுந்த இடம் செங்கல்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும். ஸ்காட்லாந்து மிஷன் வேரூன்றிய இந்தப் பகுதி இன்று தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வேலை தேடிக் குடியேறும் கிறிஸ்தவர்களில் தஞ்சை, திருச்சி வட்டாரத்து லுத்தரன்களும் உண்டு, நெல்லையிலிருந்து வரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் உண்டு. மனை விலை ஏறியுள்ள இங்கே ஒவ்வொரு சபையும் தனித்தனி ஆலயமும் கல்லறைத் தோட்டமும் தேடுவது காசுக்கும் கேடு, சாட்சிக்கும் கேடு. 2004 சுனாமிக்குப் பின் இரு சபைகளும் அங்கம் வகிக்கும் ‘காசா’ அமைப்பின் வழியாகத் துயர்துடைப்புப் பணி நடந்தது. ஆபத்து நேரத்தில் முடிந்தது ஞாயிற்றுக்கிழமையிலும் முடியும்.

தரங்கம்பாடிப் பேராயரும் சென்னைப் பேராயரும் செய்யவேண்டியவை மூன்று. பழைய உடன்பாட்டு அறிக்கைகளைத் தமிழில் அச்சிட்டுச் சபை மக்கள் கையில் கொடுப்பது. இந்த மாவட்டத்துக்குள் ஒரு சபையின் ஆயர் மற்றதன் பீடத்தில் திருவிருந்து நடத்த எழுத்தில் அனுமதிப்பது. புதிய குடியிருப்புகளில் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பொதுவாக வைத்துக்கொள்ள ஒப்பந்தம் போடுவது. சொத்துப் பத்திரங்கள் அவரவர் பெயரிலேயே இருக்கட்டும்.