அழுதால் கரையுமா கட்டி?

மார்புப் புற்று விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் போதும், இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திய யாராவது மேடையேறி, "எதையும் மனசுக்குள்ளேயே பூட்டி வைக்காதீங்கம்மா, அதுதான் மார்பிலே கட்டியா வருது" என்கிறார். கைதட்டல். வருடக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம், லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கிரீர், மாரிஸ் இருவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு. மார்புக் கட்டிக்குத் திசுப் பரிசோதனை செய்ய வந்த 160 பெண்களிடம் பேசினார்கள். புற்று உறுதியானவர்களில் கோபத்தை அளவுமீறி அடக்குகிறவர்கள் அதிகம் என்றார்கள். சரி. ஆனால் அதே ஆய்வு, அளவுமீறிக் கொட்டித் தீர்க்கிறவர்களையும் அதே பட்டியலில்தான் வைத்தது! இந்தப் பாதி மட்டும் எந்த மேடையிலும் ஏறுவதில்லை. ஏறினால், மாமியாரோடு தெருவுக்கே கேட்கச் சண்டை போடுகிறவளையும் எச்சரிக்க வேண்டிவருமே. வாயை மூடினாலும் புற்று, திறந்தாலும் புற்று. பிறகு எதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது? அதுவும், கட்டியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பயந்து கிடப்பவளிடம் "நீ எப்படிப்பட்டவள்?" என்று கேட்டு வாங்கிய பதில்கள் இவை. நோய் வரும் முன்பே கேட்டுவைத்தால்தானே கணக்கு நேராகும்? நெதர்லாந்தின் நைமேகனில் அப்படித்தான் செய்தார்கள். 9,705 பெண்களின் குணங்களை முதலில் குறித்துக்கொண்டு, 13 வருடம் காத்திருந்தார்கள். 217 பேருக்கு மார்புப் புற்று வந்தது. குணத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று 2008இல் எழுதி முடித்தார்கள்.

குணத்தால் புற்று வரும் என்று உளவியல் மேதை ஐசென்க் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். குணமும் புற்று போன்ற நோய்களும் பற்றி அவர் கிராஸார்ட்–மாட்டிசெக்குடன் எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று 2019இல் கிங்ஸ் காலேஜ் லண்டனின் விசாரணையே சொல்லிவிட்டது.

இன்னொரு வாதம்: உணர்ச்சியை அடக்கினால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையுமாம், குறைந்தால் கட்டி வருமாம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் அந்தச் சக்தியை மாத்திரையால் குறைத்துக்கொண்டே வாழ்கிறார்கள். வேறு சில புற்றுகள் அவர்களுக்குக் கூடுகின்றன. மார்புப் புற்று கூடுவதில்லை.

மார்புப் புற்றின் ஆபத்தைக் கூட்டுபவை வேறு: வயது, பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு, மது, மாதவிடாய் நின்றபின் ஏறும் எடை, அப்போது சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை. இவற்றைச் சொன்னால் கூட்டம் உருகாது. கீமோதெரபியில் முடி கொட்டி உட்கார்ந்திருப்பவளிடம் "நீ வாய்விட்டு அழுதிருந்தா வந்திருக்காது" என்று உறவுக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்களே, அந்தப் பாடத்தை அவர்களுக்கு நடத்தியது யார்?